ஓட்டையின் விட்டம்

கோல்டர் ரன் துப்பாக்கிக் கழகத்தில் உறுப்பினராக எல்வுட் ஹெஃப்னருக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. அவருடைய கொள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து அமெரிக்காவுக்குள் நுழைய ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. பெயரைக் கேட்டார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், போ என்றுவிட்டார்கள். கழகத்தில் அப்படியெல்லாம் சுலபமாக விட்டுவிட மாட்டார்கள்.

முதலில் சிபாரிசுக்கு இரண்டு உறுப்பினர்கள் வேண்டும். பிறகு ஆறு மாதாந்திரக் கூட்டங்களில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டு மணி நேரம் உடலுழைப்பு: புல் வெட்டுவது, குண்டு வாங்கும் மண்மேட்டைச் சீர்செய்வது, பன்றிக்கறி விருந்தன்று பாத்திரம் கழுவுவது. அதற்கப்புறம் தலைவர் வெர்னன் ஸ்ட்ராபின் மூன்று மணி நேரப் பாதுகாப்புச் சொற்பொழிவு. அதில் இருபது நிமிடம் பாதுகாப்பைப் பற்றியும் மீதி நேரம் வெர்னனைப் பற்றியும் இருக்கும். கடைசியாக, வலது கையை உயர்த்தி உறுதிமொழி.

இத்தனையும் எதற்கு? சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், ஒரு சின்னக் கைத்துப்பாக்கியால், சங்கிலியில் தொங்கும் இரும்புத் தட்டுகளை டிங், டிங் என்று அடித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கு.

சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. எல்வுட் முப்பத்துநான்கு வருடம் உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் பெட்டி தூக்கியவர். இரண்டு மணிக்கட்டுகளிலும் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. கனமான துப்பாக்கியைப் பிடித்தால் கை பந்தயக் குதிரையின் கால்போல நடுங்கும். அதனால் அலுமினிய உடம்புள்ள ஒன்றை வாங்கினார். ஒன்றரை பவுண்டு எடைதான். மெலிசான இருபத்திரண்டு ரகத் தோட்டா. சுட்டால் பூனை தும்மினாற்போல ஓர் அதிர்வு, அவ்வளவுதான். கடையில் கறுப்பு நிறத்துக்குத் தள்ளுபடி இல்லை. ஊதா நிறத்துக்கு இருந்தது. எல்வுட் ஊதாவை வாங்கினார்.

கழகத்தில் அந்த நிறத்தை எவரும் மன்னிக்கவில்லை.

"என்ன எல்வுட், இதுக்குத் தோட்டா போடணுமா, இல்ல சார்ஜ் போடணுமா?" என்பார் பாதுகாப்புக் குழுத் தலைவர் கார்ல்டன் ரீப். இவர் நடுநிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்வுட்டின் பக்கத்து வீடு. கழுத்தில் இன்னும் விசில் தொங்கும்.

வெர்னன் கேலி செய்யமாட்டார். பதவி இடம் கொடுக்காது. இடுப்பு உறையில் தொங்கும் தன் நாற்பத்தைந்து ரகத் துப்பாக்கியை ஒரு முறை தட்டிக்கொள்வார். செங்கல் கனமுள்ள அந்தத் துப்பாக்கியோடுதான் அவர் தேவாலயத்துக்கும் பல் மருத்துவரிடமும் போவார்.

அந்தப் பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவள்தான் எல்வுட்டின் மகள் கெல்சி. முப்பத்தாறு வயது. நாள் முழுக்க, பதில் பேச முடியாதபடி வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியவள். அப்பாவிடம் அந்தப் பாக்கியம் இல்லை. இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து போய்விடுவார். நான்கு வருடத்துக்கு முன்பு அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய நாளில், எல்வுட் ஆலையில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

சுடுகளத்தில் மட்டும் சண்டை வராது. காரணம் எளிது: இருவர் காதிலும் காதுமூடி. விதிப்படி கழற்றக்கூடாது. பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று, மாறி மாறி அந்த ஊதாத் துப்பாக்கியால் தட்டுகளை அடிப்பார்கள். அவள் ஐந்தும் அடித்தால் அவர் கட்டைவிரலை உயர்த்துவார். அவர் தவறவிட்டால் அவள் கண்ணை உருட்டுவாள். உறுப்பினர் ஒருவர் ஒரு விருந்தாளியை அழைத்துவரலாம் என்பது கழகத்தின் ஒன்பதாவது விதி. எல்வுட்டுக்கு மகளோடு இருந்த உறவு முழுதும் அந்த ஒன்பதாவது விதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை, பதிவுத் தபாலில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. சிறிய சுடுகளத்தில் நான்காம் மேசைக்கு மேலே, தகரக் கூரையில் ஓர் ஓட்டை காணப்பட்டதாகவும், வருகைப் பதிவேட்டின்படி அந்த வாரம் அந்த மேசையைப் பயன்படுத்திய ஒரே நபர் அவர்தான் என்றும், விளக்கமளிக்க வேண்டுமென்றும் அதில் இருந்தது. கையெழுத்து: கார்ல்டன் ரீப். எல்வுட் நிமிர்ந்து பார்த்தார். கார்ல்டன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கடிதம் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்ல்டன், இத நேர்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக்கூடாது எல்வுட். விசாரணை நடக்குது. முடியற வரைக்கும் உன்கூட நான் பேசவே கூடாது."

"இப்ப பேசிக்கிட்டுத்தானே இருக்க?"

"இது வானிலை பத்தின பேச்சு." கார்ல்டன் வானத்தைப் பார்த்தார். "மேகமா இருக்கு. உனக்கு ரொம்ப மேகமா இருக்கு."

மறுநாள் எல்வுட் போய்ப் பார்த்தார். இருபத்திரண்டு ரகக் குண்டு போட்ட ஓட்டையென்றால் அதில் ஒரு மிளகு நுழையலாம். இந்த ஓட்டையில் ஒரு முழுக் கொண்டைக்கடலை தாராளமாக நுழையும். கடலை அளவு ஓட்டை போடுகிற துப்பாக்கிகள் கழகத்தில் பலரிடம் உண்டு. ஆனால் சிறிய சுடுகளத்தில் இருபத்திரண்டுக்கு மேல் அனுமதி கிடையாது. புதன்கிழமைகளில் தலைவர் எடுக்கும் பாதுகாப்பு வகுப்பு மட்டும் விதிவிலக்கு. அந்த வகுப்பு நான்காம் மேசையில் நடக்கும். நிர்வாகிகள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

எல்வுட் முட்டாள் இல்லை. கூரையைப் பார்த்த மறுகணமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓட்டை யாருடையது என்பது தெரியாமலிருந்திருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

ஞாயிறு மதியம் பொதுக்கூட்டம். சுவரில் பதினேழு மான் தலைகள், கீழே நாற்பது உறுப்பினர்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே முகபாவத்தோடு இருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் உறை. செயலாளர் ஹாரியட் லுட்விக் மட்டும் மூக்குக்கண்ணாடியும் மினிட்ஸ் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக ஒரு சொல் விடாமல் எழுதுகிறவர். யார் தும்மினாலும் நோட்டில் ஏறிவிடும்.

வெர்னன் எழுந்தார்.

"உறுப்பினர்களே! இந்தக் கழகத்துல முப்பத்தொரு வருஷமா ஒரு விபத்துகூட நடந்ததில்ல. ஏன்? நடந்தத எல்லாம் நாம முறைப்படி விசாரிச்சு, அது விபத்து இல்லன்னு தீர்மானம் போட்டிருக்கோம்."

கைதட்டல்.

"எங்கிட்ட சிலர் கேக்கறாங்க, வெர்னன், இவ்வளவு பெரிய ஓட்டைய இவ்வளவு சின்னத் துப்பாக்கி போடுமான்னு. நான் கேக்கறேன், நாம சாட்சிய வெச்சு முடிவு பண்ற ஆளுங்களா, இல்ல நடைமுறைய வெச்சு முடிவு பண்ற ஆளுங்களா?"

கார்ல்டன் ஒரு பென்சிலோடு எழுந்தார். குழு ஏணி போட்டு ஏறி அளந்ததாகவும், பென்சில் முழுதாக உள்ளே போய் வெளியே விழுந்துவிட்டதாகவும், அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனதாகவும் அறிக்கை வாசித்தார்.

"அப்போ இருபத்திரண்டவிடப் பெரிசு," என்றார் எல்வுட், கடைசி வரிசையிலிருந்து.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்றார் கார்ல்டன். "அறிக்கை முடியல. தகரம் வெயில்ல விரியும். துரு பிடிச்சா ஓரம் உதிரும். ஓட்டைங்கறது ஒரு நிலையான பொருள் இல்ல. அது வளரும்."

"ஒரு வாரத்துல ரெண்டு மடங்காவா?"

"ஏப்ரல்ல வேகமா வளரும்."

வெர்னன் சுத்தியலைத் தட்டினார். "இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. ஓட்டு. கூரையில் உள்ள ஓட்டை இருபத்திரண்டு விட்டம் கொண்டதுன்னு முன்மொழியப்படுகிறது. வழிமொழிய யாரு?"

வழிமொழிந்தார்கள். முப்பத்தெட்டு பேர் ஆதரவு. எதிர்ப்பு இரண்டு: ஒன்று எல்வுட், இன்னொன்று ஒரு கிழவர். அவர் இதற்கு முந்தைய தீர்மானத்தின்மீது, அதாவது விருந்தில் முட்டைக்கோஸா பீன்ஸா என்பதன்மீது, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். ஹாரியட் எழுதிக்கொண்டார். அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு அந்த ஓட்டை சட்டப்படி சிறுத்தது.

அதற்கப்புறம் எல்லாரும் ரொம்ப அன்பாகிவிட்டார்கள். அதுதான் எல்வுட்டுக்கு அதிகப் பயத்தைத் தந்தது. வெர்னன் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார்.

"எல்வுட், உன்னை நீக்கணும்னு யாருக்கும் ஆசை இல்லப்பா. அடுத்த சனிக்கிழமை கூரைக்குக் கீழேயே நேரடி விசாரணை. வந்து ஒரு ஒப்புதல் கடிதத்துல கையெழுத்துப் போடு. ஒரு மறுபயிற்சி வகுப்பு. நானே எடுப்பேன். முடிஞ்சது. நீயும் உன் பொண்ணும் எப்பவும்போல வரலாம்."

"போடலேன்னா?"

"நீக்கம். மாவட்டத்துல இருக்கற ஆறு கழகத்துக்கும் பேர் போயிடும். அப்புறம் நீ வாழ்க்கையில எங்கயும் சுட முடியாது." தோளை அழுத்தினார். "அந்தத் துப்பாக்கிய மேசை டிராயர்ல வெச்சு காகிதத்துக்குப் பாரமா உபயோகிக்கலாம். நிறம் நல்லா இருக்கும்."

வீட்டுக்குப் போகிற வழியில் கெல்சியின் வீட்டில் வண்டியை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னார். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், கதவைச் சாத்தவில்லை. எந்த நேரமும் இறங்கிப் போவதற்கு வசதியாக.

"கையெழுத்துப் போடப் போறியாப்பா?"

"போட்டா என்ன?"

"நீ போடலியே அந்த ஓட்டைய!"

"தெரியும்."

"அது அந்த வெர்னன் போட்டது. ஊருக்கே தெரியும். போன வாரம் அவர் வாயில நான் கைய விட்டுக்கிட்டிருந்தேன். கைய எடுத்ததும், வலது காது இன்னும் கிணுகிணுக்குதுன்னு நர்ஸ்கிட்ட சொன்னார். கூரைக்கு அடியில நாற்பத்தைந்து வெடிச்சா கிணுகிணுக்காதா?"

"கெல்சி, விடு. ஒரு கையெழுத்துத்தானே?"

அவள் முகம் மாறியது. எல்வுட் அந்த மாற்றத்தை அறிவார். சாப்பாட்டு மேசையில் பத்தாவது நிமிடத்தில் வருவது.

"செஞ்சதுக்கே நீ ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்ல. யாருகிட்டயும். செய்யாததுக்கு, அந்த ஆளுகிட்டப் போய்க் கேக்கப்போற. நல்லா இருக்குப்பா."

எதற்காகக் கையெழுத்துப் போடுகிறேன் தெரியுமா என்று கேட்க அவர் வாயைத் திறந்தார். சனிக்கிழமை காலைகளுக்காக என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லுமளவுக்கு அந்த வாய் பழகியிருக்கவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாள். கதவை இந்த முறை சாத்தினாள்.

சனிக்கிழமை வந்தாள். விருந்தாளியாகக் கையெழுத்திட்டு, அப்பாவோடு பேசாமல், முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நான்காம் மேசைக்கு முன்னால் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தகர ஓட்டை வழியாக ஒரு காசு அளவு வெயில் மேசைமேல் விழுந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தின்மேல் கார்ல்டன் கடிதத்தை வைத்தார். நான், இன்னார், கவனக்குறைவினால், இன்ன இடத்தில், இன்ன சேதத்தை ஏற்படுத்தியதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். தன் பேனாவையும் நீட்டினார். எல்வுட் வாங்கிக்கொண்டார். முதல் எழுத்தைப் போட்டார்.

"இது பொய்!" கெல்சி எழுந்துவிட்டாள். "அதுல கொண்டைக்கடலையே நுழையும். எல்லாருக்கும் தெரியும் அது யாரு போட்டதுன்னு!"

கார்ல்டன் விசிலை ஊதினார். "ஒழுங்குப் பிரச்சினை! விருந்தாளி பேசக்கூடாது. ஹாரியட், அந்த அம்மா பேசல."

"பேசினாங்களே," என்றார் ஹாரியட், எழுதியபடி.

வெர்னன் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். முகத்தில் அப்படியொரு பெருந்தன்மை.

"இருக்கட்டும். இந்தப் பொண்ணு சந்தேகப்படுது. சந்தேகத்தத் தீர்க்கறது தலைவரோட கடமை. முப்பத்தொரு வருஷமா நான் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கறேன். பயிற்சி பெற்ற மனுஷன் கையில துப்பாக்கி எப்படி இருக்கும்னு இப்ப காட்டறேன். கவனிங்க."

சொல்லிக்கொண்டே இடுப்பில் கை வைத்தார்.

அடுத்த நொடி, யாரும் எந்தக் கட்டளையும் கொடுக்காமல், மற்ற உறுப்பினர்கள் அத்தனை பேரும் தரையில் இருந்தார்கள். கூச்சல் இல்லை, தடுமாற்றம் இல்லை. ஒரு நாற்காலிகூட விழவில்லை. எழுபத்தெட்டு வயதுக் கிழவர்கூட மேசைக்கு அடியில் ஒழுங்காகச் சுருண்டிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. ஹாரியட்டின் நோட்டு மட்டும் மேசை விளிம்புக்கு மேலே தெரிந்தது, பேனா ஓடிக்கொண்டிருந்தது. பல வருடப் புதன்கிழமைகள் இல்லாமல் அவ்வளவு நேர்த்தி வராது.

நின்றுகொண்டிருந்தவர்கள் மூவர். வெர்னன், எல்வுட், கெல்சி. புதியவர்களுக்குக் குனியத் தெரியவில்லை.

"உறையிலேர்ந்து எடுக்கறது இப்படி," என்றார் வெர்னன். அவர் பார்வை கூட்டத்தைத் தேடியது. கூட்டம் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. "கவனம் முழுக்க ஆயுதத்துமேலயே இருக்கணும். காலியா இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்சாலும்..." துப்பாக்கி அவர் சொற்களோடு சேர்ந்து அசைந்தது. இடமிருந்து வலமாகப் போய், கெல்சியின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. சுட்டுவிரல் எங்கே இருக்கக்கூடாதோ அங்கே இருந்தது.

எல்வுட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கறுப்பு வட்டம்தான். கூரையில் இருந்த அதே அளவு வட்டம். நகர்ந்தால் வெர்னன் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் விரல் மடங்கும். கெல்சியும் அதையே கணக்குப் போட்டிருக்க வேண்டும். மூச்சைக்கூட விடாமல் நின்றாள்.

"களம் குளிர்!"

தன் தொண்டையிலிருந்துதான் அது வந்தது என்பது எல்வுட்டுக்கே பிறகுதான் தெரிந்தது. சுடுவதை உடனே நிறுத்தச் சொல்லும் கட்டளை; மறுபடி தொடங்க 'களம் சூடு' என்பார்கள். களத்தில் யார் வேண்டுமானாலும் கூவலாம். கூவினால் அத்தனை பேரும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். முப்பத்தொரு வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்தவர் வெர்னன். வேறெதற்கும் கீழ்ப்படியாத அவருடைய கை, அதற்குக் கீழ்ப்படிந்தது. துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு மூன்று அடி பின்வாங்கிக் கோட்டுக்குப் பின்னால் நின்றார். அப்புறம்தான் முகம் சிவந்தது.

"சரி, சரி. செய்முறை முடிஞ்சது. களம் சூடு."

"அப்படிச் சொல்ல முடியாது வெர்னன்." மேசைக்கு அடியிலிருந்து ஹாரியட்டின் குரல். பிறகு தலையும் வந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதி பதினேழு. 'களம் குளிர் என்று அறிவித்த உறுப்பினர், தன் வாயால், களம் சூடு என்று அறிவிக்கும்வரை, பாதுகாப்புக் குழுவின் சோதனைக்கன்றி, கழகத்தின் எந்தக் களத்திலும் எவரும், தலைவரே ஆயினும், ஆயுதத்தைத் தொடலாகாது.'"

"இந்த மடத்தனத்த யாரு எழுதினது?"

"நீங்கதான். 'தலைவரே ஆயினும்'னு சொல்லும்போது நீங்க எழுந்து நின்னு சொன்னீங்க. கைதட்டல்னு போட்டிருக்கேன்."

எல்வுட் மேசையருகே போனார். துப்பாக்கியைத் தொடவில்லை, விதி. "கார்ல்டன், பாதுகாப்புக் குழு சோதிக்கலாம் இல்லியா? காலியான்னு பாரு."

கார்ல்டன் தலைவரைப் பார்த்தார், ஹாரியட்டைப் பார்த்தார். ஹாரியட் தலையசைத்ததும் துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். ஒரு குண்டான தோட்டா துள்ளி வெளியே விழுந்து, மேசைமேல் உருண்டு, ஒப்புதல் கடிதத்தில் மோதி நின்றது.

கெல்சிதான் அதை எடுத்தாள். மேசைமேல் ஏறினாள். கூரை ஓட்டைக்குள் தோட்டாவின் மூக்கை வைத்து அழுத்தினாள். சீசாவுக்குக் கார்க்குபோல அது அப்படியே போய்ப் பொருந்திக்கொண்டது. மேசைமேல் இருந்த வெயில் அணைந்தது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்ல்டன் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"மேற்படி தோட்டா இருபத்திரண்டு ரகம்னு முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்."

"சேதம் பழுதுபார்க்கப்பட்டதுன்னும் சேர்த்துக்கலாம்," என்றார் இன்னொருவர்.

எல்வுட் ஒரே ஓர் எழுத்துப் போட்ட கடிதத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மேசையிலிருந்து இறங்குவதற்கு அவள் விளிம்பைப் பற்றியிருந்தாள்; விரல்கள் வெளுத்திருந்தன. அவர் பேனாவைக் கார்ல்டனின் சட்டைப்பையில் செருகினார்.

"கெல்சி, பசிக்குதா?"

"ம்."

"எல்வுட்!" வெர்னன் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலிருந்து கூவினார். அதைத் தாண்ட முடியவில்லை. "களத்த சூடாக்கிட்டுப் போ!"

எல்வுட் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கு அது காதில் விழவில்லை.

நிர்வாகக் குழு திங்களன்றே அவசரமாகக் கூடியது. எல்வுட்டை நீக்கத் தீர்மானம் வந்தது. ஹாரியட் விதியை மறுபடி வாசித்தார்: அறிவித்த உறுப்பினர். நீக்கிவிட்டால் அவர் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவர் களத்தைச் சூடாக்க முடியாது. விதியைத் திருத்துவதானால் ஜனவரி ஆண்டுக்கூட்டத்தில் இரண்டு வாசிப்பு. அதுவரை ஐந்து சுடுகளங்களும் குளிர். மே மாதம் பக்கத்துக் கழகத்தோடு பந்தயம் வேறு இருந்தது. நீக்கல் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாவது வாரத்தில் கழகம் சமையலில் இறங்கியது. எல்வுட்டின் வாசலில் ஹாம் ரொட்டி, வெல்லப்பாகு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம், ஒரு பானை சிக்கன் சோளக் கஞ்சி. கார்ல்டன் வேலியருகே வந்து நின்றார்.

"வானிலை நல்லா இருக்கு எல்வுட். யாராவது ரெண்டு வார்த்தை சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."

"மேகமாத்தான் இருக்கு," என்றார் எல்வுட்.

அவருக்கு இதில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. களம் எல்லாருக்கும் குளிர்ந்துபோனது என்றால் அவருக்கும்தான். ஊதாத் துப்பாக்கி பெட்டியில் கிடந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல், பிரதான சாலையில் இருந்த சிற்றுண்டிக் கடைக்கு இருவரும் போனார்கள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் சனிக்கிழமை முட்டை வரும்வரை பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை. இரண்டாவது சனிக்கிழமை எட்டாம் நிமிடத்தில் சண்டை வந்தது; அவள் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்; வாசல்வரை போய், போக வேறு இடம் இல்லாததுபோலத் திரும்பி வந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை. பரிமாறும் பெண் காபியை ஊற்றிவிட்டுப் போனாள். கெல்சி சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்த ஆள் துப்பாக்கிய என் பக்கம் திருப்பினப்போ, நீ ஓடிடுவேன்னு நினைச்சேன்."

"ஏன்?"

"அம்மா போன அன்னிக்கு நீ வரலியே." தலையை நிமிர்த்தினாள். "நான் மூணு தடவை ஆலைக்குப் போன் பண்ணேன். சொன்னாங்கதானே உன்கிட்ட?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வரல?"

கடையின் கதவு திறந்தது. வெர்னன் ஸ்ட்ராப். நல்ல சட்டை, சவரம் செய்த முகம், கையில் முத்திரை வைத்த காகிதம். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினர் முகம். மேசையருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"எல்வுட். நேத்து ராத்திரி ஏகமனதாத் தீர்மானம் போட்டிருக்கோம். அந்த ஓட்டைய ரத்து பண்ணிட்டோம். எந்தக் காலத்துலயும் அப்படி ஒரு ஓட்டை இருந்ததே இல்ல. கடிதமும் கிடையாது, மறுபயிற்சியும் கிடையாது. நீயும் உன் பொண்ணும் இன்னிக்கே வரலாம். நீ அந்த ரெண்டு வார்த்தைய மட்டும்..."

"வெர்னன்," என்றார் எல்வுட், மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசிக்கிட்டிருக்கோம்."

"ரெண்டே வார்த்தைதானேப்பா! எல்லாரும் வெளியில காத்துக்கிட்டிருக்காங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது."

வெர்னன் காகிதத்தை மேசைமேல் வைப்பதா, கையிலேயே வைத்துக்கொள்வதா என்று சற்று நேரம் நின்றார். இதற்கென்று ஒரு நடைமுறையும் இல்லை. பிறகு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

எல்வுட் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

"பயந்துட்டேன் கெல்சி," என்றார்.